முகத்துக்கும் ஆடித் தள்ளுபடி: 'லஞ்ச் டைம் பீல்' பேக்கேஜுக்கு கார்டை நீட்டுறதுக்கு முன்னாடி



ஆடித் தள்ளுபடின்னா தி.நகர்ல புடவை, பாடியில பாத்திரம், கொஞ்ச வருஷமா வாஷிங் மெஷின், ஏசி. இவ்வளவுதான்னு நினைச்சிருந்தேன். போன வாரம் மேனாம்பேட்டுல எங்க தெருவுல காலைப் பேப்பரோட ஒரு நோட்டீஸ் வந்து விழுந்துச்சு. "ஆடி ஸ்பெஷல்! ஃபேஷியல் ரெஜுவனேஷன். கெமிக்கல் பீல் 6 சிட்டிங். டவுன்டைம் இல்லை. லஞ்ச் டைம்ல வாங்க, ஆபீஸுக்குத் திரும்பிப் போங்க. நோ காஸ்ட் இ.எம்.ஐ. மாதம் 3,000 மட்டுமே."

அன்னிக்கு சாயங்காலமே எதிர் வீட்டுப் பொண்ணு அந்த நோட்டீஸோட வந்து நின்னா. வயசு 24. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கறா. கைக்கு வர்ற சம்பளம் 19,500. "அண்ணா, கிரெடிட் கார்டு இருக்கு. இது எடுக்கலாமா? ஆவணியில பொண்ணு பார்க்க வர்றாங்க."

போன தடவை வந்துட்டுப் போனவங்க, "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கலர்தான் கம்மி"ன்னு புரோக்கர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. அதை அவ சொல்லல. அவங்க அம்மா சொன்னாங்க.

இந்தப் பதிவு அவளுக்காகத்தான். ஆனா இதே நோட்டீஸ் உங்க இன்ஸ்டாகிராம்லயும் வருது, அதனால உங்களுக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். முகத்துக்குச் செலவு பண்றது வெட்டிச் செலவு, அந்தக் காசை எஸ்.ஐ.பி.-ல போட்டா 20 வருஷத்துல இவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் காட்டற ஆள் நான் இல்ல. நல்ல சட்டை போட்டுக்கற மாதிரிதான் இதுவும். உங்க சம்பளம், உங்க முகம். என் வாதம் வேற. டவுன்டைம் இல்லைங்கறதை "செலவும் கம்மி, ரிஸ்க்கும் கம்மி"ன்னு நாம புரிஞ்சுக்கறோம். நிஜத்துல டவுன்டைம் கம்மியா இருக்கறதாலதான் அந்தச் செலவு முடியவே மாட்டேங்குது. இது நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல, கட்டித் தெரிஞ்சுக்கிட்டது.

அந்த ஆசிட் என்ன பண்ணுது

கெமிக்கல் பீல்னா முகத்துல ஒரு ஆசிட்டைக் குறிப்பிட்ட நேரம் தடவி வெச்சு, மேல் தோலை உரிய வைக்கறது. ஆசிட்னதும் பயப்பட வேணாம். கிளைகோலிக் ஆசிட் கரும்புல இருக்கு. லாக்டிக் ஆசிட் தயிர்ல இருக்கு. மாண்டலிக் ஆசிட்டை முதல்ல எடுத்தது கசப்பு பாதாம்லேர்ந்து. சாலிசிலிக் ஆசிட் ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அதனாலதான் ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க அதை டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். விஷயம் புதுசும் இல்ல. ஜெர்மனியில உன்னாங்கற தோல் டாக்டர் 1882-லேயே சாலிசிலிக், ஃபீனால், டி.சி.ஏ. எல்லாத்தையும் தோல் உரிக்கப் பயன்படுத்தி எழுதி வெச்சிருக்கார். (பாட்டி தயிர் பூசினதும் இதுவும் ஒண்ணான்னு கேட்காதீங்க. தயிர்ல இருக்கற அளவும் கிளினிக் பாட்டில்ல இருக்கற அளவும் பக்கத்துல கூட வராது.)

தோலோட மேல் அடுக்குல செத்த செல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஒட்டை ஆசிட் தளர்த்தி விடுது. ரெண்டு நாள் கழிச்சு லேசா உரியும், கீழ இருக்கற புதுத் தோல் தெரியும். எவ்வளவு ஆழமா போகுதுங்கறதை வெச்சு மூணு வகை. மேலோட்டமான பீல், நடுத்தர பீல், ஆழமான பீல். நடுத்தரம்னா ஒரு வாரம் பத்து நாள் முகம் உரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆபீஸ் போக முடியாது. ஆழமான பீலுக்கு ஃபீனால் போடுவாங்க, அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம்ங்கறதால மானிட்டர் மாட்டிக்கிட்டுதான் பண்ணணும். நம்ம மாதிரி மாநிறம், கருப்புத் தோலுக்கு பொதுவா அதைத் தவிர்த்துடுவாங்க.

அப்போ லஞ்ச் டைம்ல பண்ணிட்டு ஆபீஸுக்குத் திரும்பற பீல் எது? மேலோட்டமானது. அதுதான் நமக்குப் பாதுகாப்பானதும் கூட. ஆனா சுருக்கம் இருக்கறது தோலோட உள் அடுக்குல. மேலோட்டமான பீல் அவ்வளவு தூரம் போகாது. அது சரி பண்றது பரு, பரு போன தடம், கொஞ்சம் கருமை, மங்கு, பொலிவு இல்லாத தோல். அதையும் ஒரே தடவையில பண்ணாது. ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாலு, ஆறு சிட்டிங் போகணும். அப்புறமும் தோல் புதுசா வந்துக்கிட்டேதான் இருக்கும், வெயில் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால மெயின்டெனன்ஸ்.

24 வயசுல ரெஜுவனேஷன்னா எதை ரெஜுவனேட் பண்ணப் போறோம்னு யோசிச்சுப் பாருங்க. உங்க முகத்துல சுருக்கமே இல்ல. பைக் டேன் இருக்கு, பரு தடம் இருக்கு.

என் கணக்கு

2022-ல எனக்கு 26 வயசு, டேக் ஹோம் 27,000. ஃப்ரெண்டோட கல்யாணத்துல எடுத்த க்ரூப் போட்டோவைப் பார்த்துட்டு மனசு ஒரு மாதிரி ஆகிப் போய் ஒரு கிளினிக்குக்குள்ள நுழைஞ்சேன். பேர் வேணாம். கன்சல்டேஷன் ஃப்ரீ. அரை மணி நேரம் என்கிட்ட பேசினவங்க டாக்டர் இல்ல, 'கவுன்சலர்'. டாக்டர் வந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு தலையாட்டிட்டுப் போனார்.

ஒரு சிட்டிங் 3,500. ஆறா எடுத்தா 18,000. "சார், உங்களுக்கு 3,000 லாபம்." அந்த 'லாபம்'ங்கற வார்த்தைக்கு நான் விழுந்தேன். பர்சனல் ஃபைனான்ஸ் பத்தி வாரா வாரம் பேசறவன் விழுந்தேன், அப்போ சேனல் ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சுன்னு வேணா சாக்கு சொல்லிக்கலாம்.

அவங்க சொல்லாத கணக்கு இது. முதல் சிட்டிங் முடிஞ்சதும் 'போஸ்ட் பீல் கிட்'னு ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், ஒரு க்ரீம் சேர்ந்து 2,400. அது இல்லாம பீல் பண்ண மாட்டாங்களாம். சன்ஸ்கிரீன் தனி. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடணும், வெளியில சுத்தினா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும். அப்படிப் போட்டா 50 கிராம் டியூப் ஒரு மாசம் கூட தாங்காது. மாசம் 600-னு வெச்சா வருஷத்துக்கு 7,200. ஆறு சிட்டிங் முடிஞ்சு அதே வருஷத்துல ரெண்டு மெயின்டெனன்ஸ், ஒவ்வொண்ணும் 3,500, மொத்தம் 7,000.

கூட்டிப் பாருங்க. 18,000, 2,400, 7,200, 7,000. ஒரு வருஷத்துக்கு 34,600. நோட்டீஸ்ல போட்டிருக்கறது 'மாதம் 3,000 மட்டுமே.' என் ஒரு மாசச் சம்பளத்தை விட 7,600 ரூபாய் அதிகம். எதிர் வீட்டுப் பொண்ணுக்கு இது ஒண்ணே முக்கால் மாசச் சம்பளம்.

அடுத்து நோ காஸ்ட் இ.எம்.ஐ. இதைப் பத்தி நம்ம சேனல்ல முன்னாடியே போட்டிருக்கோம், சுருக்கமா சொல்றேன். வட்டியில்லாக் கடன்னு ஒண்ணு உண்மையில கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி சர்க்குலர் போட்டிருக்கு. நடக்கறது என்னன்னா, பேங்க் வட்டி போடும், கடைக்காரர் அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துடுவார். என் 18,000-க்கு அந்தத் தொகை 760 கிட்ட. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ப்ராசசிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 370 ரூபாய் போல என் தலையில. சின்னத் தொகைதான். ஆனா மொத்தமா காசு கட்டறவர் அந்த 760-ஐத் தள்ளுபடியா கேட்டிருக்கலாமே? நான் கேட்கல. ஒரு மாசம் கார்டு பில் முழுசா கட்டாம விட்டா மாசம் 3.5 சதவீதம் மாதிரி வட்டி, அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம். அது தனிக் கதை.

மூணாவது சிட்டிங்

முதல் ரெண்டு சிட்டிங் நல்லாவே இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. முகம் தெளிவாச்சு, ஆபீஸ்ல ரெண்டு பேர் கேட்டாங்க. மூணாவது தடவை ஆசிட்டோட அளவை ஏத்தினாங்க. "நல்லா தாங்குது சார், ஸ்ட்ராங்கா போகலாம்." எரிச்சல் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. சொன்னேன். ஃபேனைத் திருப்பி விட்டாங்க.

மூணு நாள் கழிச்சு சனிக்கிழமை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு சி.டி.ஹெச். ரோட்டுல பைக்ல ஆவடி போயிட்டு மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல திரும்பினேன். சன்ஸ்கிரீன் காலையில ஒரு தடவை போட்டதுதான். ஹெல்மெட் வைசர் உடைஞ்சு மாத்தாம வெச்சிருந்தேன். ரெண்டு வாரத்துல ரெண்டு கன்னத்துலயும் சாக்லேட் கலர்ல திட்டு திட்டா வந்துச்சு. பரு தடத்தைப் போக்கப் போனவனுக்கு உள்ளங்கை அகலத்துக்குத் தடம்.

இது ஏன்னா, நம்ம தோல்ல நிறமி செல்கள் ரொம்ப சுறுசுறுப்பு. எந்தக் காயம், எரிச்சல், அழற்சி வந்தாலும் அவை மெலனினை அள்ளிக் கொட்டும். வெள்ளைத்தோல்காரங்களுக்கு பீல் பண்ணி சிவந்து போற இடம், நமக்குக் கருத்துப் போகும். பீல் ஆழமாகப் போகப் போக, வெயில் படப் பட இந்த ரிஸ்க் ஏறும். தோல் டாக்டர்களுக்கு இது பால பாடம். எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாங்கன்னா நான் கையெழுத்துப் போட்ட நாலு பக்க ஃபார்ம்ல பொடி எழுத்துல சொல்லியிருப்பாங்க. திரும்பிப் போய்க் கேட்டப்போ அந்த ஃபார்மைத்தான் எடுத்துக் காட்டினாங்க. "வெயில்ல போகாதீங்கன்னு எழுதியிருக்கே சார்." பாக்கி மூணு சிட்டிங் காசு? "பேக்கேஜ் நான் ரிஃபண்டபிள் சார்." இ.எம்.ஐ. மட்டும் இன்னும் மூணு மாசம் கரெக்டா போச்சு.

டவுன்டைம் இல்லைன்னு போட்டிருந்தாங்க இல்ல? எனக்கு டவுன்டைம் அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசம் நான் கேமரா முன்னாடி வரல. பழைய ஆட்களுக்குத் தெரியும், அப்போ வந்த வீடியோ எல்லாம் வெறும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்தான். வேலைன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

கடைசியில எம்.டி. டி.வி.எல். படிச்ச ஒரு டாக்டர்கிட்ட 600 ரூபாய் ஃபீஸ் கட்டிப் பார்த்தேன். அவங்க முதல்ல கேட்ட கேள்வி, "ஆபீஸுக்கு எதுல போறீங்க?" பைக்னேன். "தினம் எவ்வளவு நேரம் வெயில்ல?" கவுன்சலர் மேடம் அரை மணி நேரத்துல கேட்காத கேள்வி. ஒரு க்ரீமும் சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தாங்க, மெதுவா மங்கிச்சு. "பரு தடத்துக்கே முதல்ல இதைத்தான் எழுதியிருப்பேன். பீல் பத்தி அப்புறம் யோசிச்சிருக்கலாம்"னாங்க.

கலர் விஷயம்

எதிர் வீட்டுப் பொண்ணு ரெஜுவனேஷன்ங்கற வார்த்தையைச் சொல்லவே இல்ல. "கொஞ்சம் பளிச்சுன்னு ஆகுமா அண்ணா?"ன்னுதான் கேட்டா. கலர் ஏறுமாங்கறதுதான் கேள்வி. ஏறாது. வெயில்ல ஏறின கருமையை பீல் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். பிறந்த நிறத்தை அது மாத்தாது, ஏன்னா மெலனினை உள்ள இருந்து செல்கள் தயாரிச்சுக்கிட்டே இருக்கு. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர் மாத்திக்கிச்சு. இப்போ 'ஃபேர்' போய் 'க்ளோ', 'ரேடியன்ஸ்', 'ரெஜுவனேஷன்' வந்திருக்கு. நோட்டீஸ்ல இருக்கற மாடலோட கலரை மட்டும் யாரும் மாத்தல.

இது முடியாதுன்னு தெரிஞ்சதும் சிலர் மெடிக்கல் ஷாப்புல ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசறாங்க. ஒரு வாரத்துல வெளுத்த மாதிரி இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு கொத்துக் கொத்தா வரும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018-ல மத்திய அரசு விதியை இறுக்கிச்சு. கடைக்காரர் கொடுக்கறார்ங்கறதுக்காக வாங்காதீங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கற வீட்டு பீல் பாட்டிலும் வேணாம். 2024 ஜூலையில அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இதுக்குன்னே எச்சரிக்கை கொடுத்துச்சு. அதிக அளவு ஆசிட் இருக்கற பீல்களை டாக்டர் மேற்பார்வை இல்லாம வாங்கிப் பயன்படுத்தாதீங்க, ரசாயனத் தீக்காயம் வரைக்கும் போகும்னு.

பெரிய இடத்துக்குப் போனா பிரச்சனை வராதுன்னும் நினைக்க வேணாம். 2021 ஏப்ரல்ல நடிகை ரைசா வில்சன் கண்ணுக்குக் கீழ வீங்கின முகத்தோட ஒரு போட்டோ போட்டாங்க, ஞாபகம் இருக்கலாம். சென்னையில சாதாரண ஃபேஷியலுக்குப் போனதாகவும், தனக்குத் தேவையில்லாத ஒரு சிகிச்சையை வற்புறுத்திப் பண்ணிட்டதாகவும் சொன்னாங்க. டாக்டர் தரப்பு அதை மறுத்துச்சு, விஷயம் வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போச்சு. அது கெமிக்கல் பீல் கேஸ் இல்ல. யார் சொன்னது சரின்னு சொல்லவும் நான் ஆள் இல்ல. ஆனா ஒண்ணு கவனிங்க. கேமரா முன்னாடி நிக்கறதே தொழிலா இருக்கறவங்களுக்கே "நான் இதுக்கு சம்மதிச்சேனா இல்லையா"ங்கறதுல சண்டை வருது. நோட்டீஸைப் பார்த்துட்டுப் போற நமக்கு?

ஏற்கனவே நீங்க கட்டிக்கிட்டு இருக்கற காசு

ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. முடியாது. தோற்றத்தை மாத்தறதுக்கான சிகிச்சை பாலிசிகள்ல நிலையான விலக்குப் பட்டியல்லயே இருக்கு. உங்க பாலிசியில 'எக்ஸ்க்ளூஷன் கோட் 08'னு தேடிப் பாருங்க. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புதான் விதிவிலக்கு. ஜி.எஸ்.டி.-லயும் அப்படித்தான். மருத்துவ சேவைக்குப் பொதுவா வரி விலக்கு உண்டு, அழகுக்கான சர்ஜரிக்குக் கிடையாது. பீலுக்கும் பில்லுல வரி சேர்க்கற கிளினிக்குகள் இருக்கு. அதனால சொல்ற விலை வரியோடவா, வரி இல்லாமலான்னு கேளுங்க.

ஆனா எஸ்டேட்ல வேலை பார்க்கற நிறைய பேர் மறந்துட்ட ஒண்ணு இருக்கு: இ.எஸ்.ஐ. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு 2017-லேர்ந்து இது பொருந்தும். 21,000 சம்பளம்னா உங்க பங்கு 0.75 சதவீதம், 158 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 683 ரூபாய். மாசா மாசம் போகுது. அழகு சிகிச்சைக்கு இது வராது. ஆனா பரு ஒரு நோய், மங்கு ஒரு நோய். அதுக்கு டிஸ்பென்சரியில காட்டி, தேவைப்பட்டா தோல் டாக்டருக்குப் பரிந்துரை வாங்கலாம். மருந்துக்கும் காசு கிடையாது. கார்டை டவுன்லோட் பண்ணாமலே மூணு வருஷம் வேலை பார்த்தவங்களை எனக்குத் தெரியும். இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டினவங்களுக்கு பட்டரவாக்கத்துல ரயில் ஏறினா சென்ட்ரல். எதிர்லயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்க, ஸ்டான்லியில, கீழ்ப்பாக்கத்துல எல்லாம் தோல் நோய் ஓ.பி. இருக்கு. அரை நாள் லீவு போகும், கூட்டம் இருக்கும், உட்கார இடம் கிடைக்காது. ஆனா பேக்கேஜ் விக்க யாரும் வர மாட்டாங்க.

எல்லாம் பார்த்துட்டும் பீல்தான் வேணும்னு தோணினா, எடுங்க. ஆறு எடுக்காதீங்க, ஒண்ணு எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசு கட்டுங்க. என் கேஸ்ல அந்த 3,000 'லாபத்தை' விட்டுட்டு மூணு சிட்டிங்குக்குத் தனியா கட்டியிருந்தா 10,500-தான் ஆகியிருக்கும். 7,500 ரூபாய் கையில நின்னிருக்கும். பீல் போடப் போறது யாருன்னு கேளுங்க. டாக்டர்னா அவரோட தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு நம்பர் கேளுங்க, கொடுக்கத் தயங்கற இடத்துல முகத்தைக் கொடுக்காதீங்க. எந்த ஆசிட், எத்தனை சதவீதம்னு பில்லுல எழுதி வாங்குங்க. கர்ப்பமா இருந்தாலோ, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலோ, வாய் ஓரத்துல அடிக்கடி கொப்புளம் வந்தாலோ அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. தேதியும் முக்கியம். ஏப்ரல், மே வேணாம். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னாடி முதல் பீல் போடவே போடாதீங்க. ஏதாவது தப்பாச்சுன்னா சரியாக அந்தப் பத்து நாள் பத்தாது.

ஏற்கனவே பேக்கேஜ்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு: 'நான் ரிஃபண்டபிள்'னு ரசீதுல அச்சடிச்சுட்டா கதை முடிஞ்சுடாது. காசு வாங்கிக்கிட்டுப் பண்ற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. குறைபாடான சேவைக்குப் பணம் திருப்பித் தர மறுக்கறதை 2019 சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைன்னு சொல்லுது. முதல்ல 1915-க்குப் போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. சரிப்படலைன்னா நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், ஆன்லைன்லயே. நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது. நான் போடல. முகத்தை வெச்சுக்கிட்டு ஒரு இடத்துல போய் நிக்க அப்போ கூச்சமா இருந்துச்சு, இப்போ நினைச்சா அதுக்குத்தான் வருத்தமா இருக்கு.

எதிர் வீட்டுப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொன்னேன், 2022-ல எடுத்த என் கன்னத்து போட்டோவையும் காட்டினேன். கணக்கை விட அந்த போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தா. இந்த வாரம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் பருவைக் காட்டிட்டு வந்திருக்கா. 600 ரூபாய்க்கு ஒரு சன்ஸ்கிரீன், ஸ்கூட்டிக்கு முழு முகத்தை மூடற ஹெல்மெட். பொண்ணு பார்க்க வர்றவங்க ஆவணி 10-ம் தேதி வர்றாங்களாம். "என் கலர் என்னவோ அதைப் பார்த்துட்டுப் போகட்டும் அண்ணா"ன்னு சொன்னா. அவங்க அம்மாதான் இன்னும் நோட்டீஸைக் காலண்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்காங்க.

கிளினிக்ல கேட்க வேண்டிய கேள்விகளை ஒரே பக்கமா டைப் பண்ணி இந்த வார வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன், போன்ல சேவ் பண்ணிக்கங்க. அடுத்த வாரம் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் இ.எம்.ஐ.